கருக்குழாயும் தீராத அடிவயிற்று வலியும்

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் குழந்தையைத்தான் பார்த்தன. தாய் லெஸ்லி பிரவுனுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது: கருக்குழாய்கள் அடைபட்டவர், ஒன்பது ஆண்டுகளாகக் கருத்தரிக்காதவர். சோதனைக் குழாய்க் குழந்தை (ஐ.வி.எஃப்.) என்ற தொழில்நுட்பமே அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போவதற்காகப் பிறந்ததுதான். முட்டையை உடலுக்கு வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவை நேரே கருப்பையில் வைத்துவிட்டால் நடுவில் குழாய் எதற்கு? இதைச் செய்து காட்டிய ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகு கருக்குழாய் மேல் மருத்துவத்துக்கு இருந்த அக்கறை குறைந்துபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது. அடைப்பா, ஐ.வி.எஃப். செய்துகொள்ளலாம். இன்று தமிழ்நாட்டில் நடுத்தர ஊர்களில்கூடக் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரப் பலகை தொங்குகிறது. குழாய் எப்போது கெட்டது, எதனால் கெட்டது, கெட்ட காலத்தில் அந்தப் பெண் யாரிடமாவது போனாளா என்று கேட்க அங்கே ஆளில்லை. மறுபக்கம், மாதக்கணக்கில் அடிவயிறு வலிக்கிறது என்று வருகிற பெண். ஸ்கேன் எடுக்கிறார்கள், நார்மல் என்கிறார்கள், ஒரு வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

இவை இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். குழாயில் கோளாறு இருந்தால் வலிக்கும், வலித்தால் உள்ளே கோளாறு இருக்கும் என்பது நம் கணக்கு. ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுவது வேறு. குழாய் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தீராத வலியோடு இருக்கும் பெண்களில் பலருக்குக் குழாய் நன்றாகவே இருக்கிறது. இந்தப் பொருத்தமின்மையைப் புரிந்துகொள்ளாததால்தான் இரு தரப்புப் பெண்களுக்கும் சிகிச்சை தவறிப்போகிறது.

முதலில் குழாய். கருப்பையின் இரு தோள்களிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாகக் கிளம்பி, சினைப்பையை நோக்கிப் போகும் மெல்லிய தசைக்குழல் இது. நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த கேப்ரியேல் ஃபலோப்பியோ 1561-இல் இதைத் துல்லியமாக விவரித்தார். அவர் பெயரே நின்றுவிட்டது. கருப்பைச் சுவருக்குள் இருக்கும் பகுதியில் துவாரம் ஒரு மில்லிமீட்டர் அளவே. வெளிமுனை விரிந்து, விரல்கள் போன்ற இழைகளாக முடிகிறது. சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையை இந்த இழைகள் தடவி உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டையும் விந்தணுவும் சேர்வது குழாயின் அகன்ற நடுப்பகுதியில். அப்படி உருவான கரு மூன்று நான்கு நாள் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து கருப்பைக்கு வந்து சேர்கிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்துகொண்டே இருப்பதாலும், தசை சுருங்கி விரிவதாலும் இது நடக்கிறது. வெறும் ஓட்டையாக இருந்தால் போதாது, குழாய் வேலை செய்யவும் வேண்டும். துவாரம் திறந்திருந்தும் நுண்மயிர்கள் அழிந்துபோனால் கரு பாதி வழியில் தங்கிவிடும். அடைப்பு நீக்கும் அறுவைக்குப் பிறகும் பலருக்குக் கர்ப்பம் நிற்காமல் போவதற்கும், குழாய்க் கர்ப்பம் உண்டாவதற்கும் இதுவே காரணம்.

அந்த உட்சுவரை அழிப்பதில் முதலிடம் கிருமிகளுக்கு. பிறப்புறுப்பிலிருந்து கருப்பை வாய் வழியே மேலேறி, கருப்பையையும் குழாய்களையும் புண்ணாக்கும் தொற்றை மருத்துவர்கள் பி.ஐ.டி. என்கிறார்கள். கிளமிடியா, கொனோரியா இரண்டும் இதில் முக்கியமானவை. இவை உடலுறவின் வழியே வருபவை. பாதுகாப்பில்லாத கருக்கலைப்புக்குப் பின்னும், சில சமயம் பிரசவத்துக்குப் பின்னும் கிருமி மேலேறும். முற்றிப்போய் வெடித்த குடல்வால் அழற்சி வெளியிலிருந்தே குழாயைச் சிதைத்துவிடுவதும் உண்டு.

கிளமிடியாவின் குணம் விசித்திரமானது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. காய்ச்சல் இல்லை, பெரிதாக வலி இல்லை. கொஞ்சம் வெள்ளைப்படுதல், அதுவும் எப்போதும் இருப்பதுதானே என்று விட்டுவிடக் கூடிய அளவில். குழாய்க்குள்ளோ தழும்பு விழுந்துகொண்டிருக்கும். இந்தச் சேதத்தை எண்ணிக்கையில் காட்டியவர் சுவீடனின் லுண்ட் நகர மருத்துவர் லார்ஸ் வெஸ்ட்ரம். 1960 முதல் 1984 வரை அவரது மருத்துவமனையில், வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி மூலம் பி.ஐ.டி. உறுதிசெய்யப்பட்ட 1,844 பெண்களை அவரது குழு தொடர்ந்து கவனித்து 1992-இல் முடிவை வெளியிட்டது. ஒரு முறை தொற்று வந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்குக் குழாய்க் கோளாறால் குழந்தைப்பேறு இல்லாமல் போயிற்று. இரண்டு முறை வந்தவர்களில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு. மூன்று முறையும் அதற்கு மேலும் வந்தவர்களில் 40 விழுக்காடு. அதே பெண்களின் தரவிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது: அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்கு மேல் தாமதித்து வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கருத்தரிக்க முடியாமை அல்லது குழாய்க் கர்ப்பம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மூன்றே நாள். நம் ஊரில் ஒரு பெண் அடிவயிற்று வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, சரியாகவில்லை என்று வீட்டில் வாய்திறப்பதற்கே அதைவிட அதிக நாள் ஆகும்.

சிகிச்சை சிக்கலானது அல்ல. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு அறிகுறித் தொகுப்புக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பெட்டி வைத்திருக்கிறது. அடிவயிற்று வலிக்கு உரியது மஞ்சள் பெட்டி: செஃபிக்ஸிம், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின். பதினான்கு நாள் மருந்து. விலை அற்பம், அரசு மருத்துவமனையில் இலவசம். சிக்கல் வேறு இடத்தில். பரிசோதனைக்கூட வசதி இல்லாமல் அறிகுறியை மட்டும் வைத்து மருந்து தரும் முறை இது. அறிகுறியே இல்லாத கிளமிடியாவை இது எப்படிப் பிடிக்கும்? இன்னொன்று, கணவனுக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் தொற்று திரும்பி வரும். எனக்கு ஒன்றுமில்லையே, நான் ஏன் மாத்திரை போடணும் என்பது அநேகமாக எல்லாக் கணவர்களின் பதில். வெஸ்ட்ரம் சொன்ன இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்பதெல்லாம் பாதிக்குப் பாதி இந்தப் பதிலிலிருந்து வருவதுதான் என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

மேலை நாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் கிளமிடியாவையே முன்னிறுத்தும். நமக்கு அது போதாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். நுரையீரலில் நுழைந்த கிருமி இரத்தத்தின் வழியே உடலெங்கும் போய் அமரும் இடங்களில் கருக்குழாயும் ஒன்று. பிறப்புறுப்புக் காசநோய் வந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குழாய் பாதிக்கப்பட்டிருக்கும், அதுவும் இரு பக்கமும். கருப்பை உட்சுவர் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. இதை முதலில் பதிவு செய்தவர் இத்தாலியின் மோர்கானி, 1744-இல். காசநோயில் இறந்த இருபது வயதுப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது.

இந்த நோய் பூப்பெய்தும் காலத்தை ஒட்டிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்து, வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கும். சிலருக்கு மாதவிலக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும், சிலருக்கு மந்தமான அடிவயிற்று வலி. பலருக்குத் திருமணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து, குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் தெரியவரும். எக்ஸ்ரேயில் குழாய் மணிமணியாகக் கோத்தது போலவோ, முனை உருண்டு புகையிலைப் பை போலவோ தெரியும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கண்டுபிடிப்பதில்தான் பெரிய தகராறு. நுரையீரல் காசத்தில் சளியில் கிருமி நிறைய இருக்கும். குழாயிலும் கருப்பையிலும் மிகக் குறைவு. எடுக்கும் துணுக்கில் கிருமியே இல்லாமல் போகலாம். அதனால் கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை கருத்தரிப்பு மையங்களில் பரவியது. அது செத்த கிருமியின் மிச்சத்தையும், ஆய்வுக்கூடத்திலேயே கலந்துவிட்ட கலப்படத்தையும்கூட நோய் என்று காட்டிவிடும். அந்த ஒரு தாளை மட்டும் வைத்து ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்ட பெண்கள் ஏராளம். ஈரலுக்குச் சுமை, கண் நரம்புக்கு ஆபத்து, குடும்பத்தில் டி.பி. என்ற பெயர். மறுபக்கம், உண்மையிலேயே நோய் இருந்தும் எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல் குழாய் முழுவதையும் இழந்தவர்களும் உண்டு. திசுப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, லேப்ராஸ்கோப்பியில் நேரில் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுப்பதே நியாயம், பி.சி.ஆர். மட்டும் போதாது என்பதில் அனுபவமுள்ள மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. காசநோயாளியை மருத்துவமனையில் அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம்தான். சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சளியில் வரும் காசத்தை அவ்வளவு ஊன்றிப் பார்த்த நகரத்தில், கருக்குழாய்க் காசம் இன்னும் கருத்தரிப்பு மையங்களின் உள்விவகாரமாகவே இருக்கிறது. மருந்தால் கிருமி போகும். விழுந்த தழும்பு போகாது என்பதால், முன்கூட்டியே கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி.

குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு ஹெச்.எஸ்.ஜி. என்று பெயர், சுருக்கமாக டியூப் டெஸ்ட். பெண்கள் ஒருவருக்கொருவர் பயமுறுத்திக்கொள்ளும் பரிசோதனை இது. உள்ளே நடப்பதை விளக்கமாகச் சொன்னால் பாதிப் பயம் போகும். மாதவிலக்கு முடிந்து, முட்டை வெளிவருவதற்கு முன், ஏறத்தாழ ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாளுக்குள் வரச் சொல்வார்கள். எக்ஸ்ரே மேசையில் மல்லாந்து, கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். கருப்பை வாயைப் பார்க்கக் கருவி வைத்து, சுத்தம் செய்து, மெல்லிய குழலை உள்ளே செலுத்துவார்கள். அயோடின் கலந்த திரவம் மெதுவாக ஏறும். திரையில் முதலில் கருப்பை ஒரு முக்கோணமாக வெளுக்கும். பிறகு இரு மூலைகளிலிருந்தும் நூல் போன்ற கோடு ஓடி, முனையில் சிந்திப் பரவும். சிந்தினால் குழாய் திறந்திருக்கிறது. மாதவிலக்கு வலி போன்ற இழுப்பு அந்த ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். முன்னதாகவே வலி மாத்திரை போட்டுக்கொண்டால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். திரவத்தை அவசரமாக அழுத்தினாலோ, பயத்தில் தசை இறுகினாலோ கருப்பையை ஒட்டிய பகுதி சுருங்கிக்கொள்ளும், திரவம் போகாது, அறிக்கையில் அடைப்பு என்று வந்துவிடும். உண்மையில் அடைப்பு இருக்காது. கருப்பையை ஒட்டிய அடைப்பு என்று ஒரே ஒரு ஹெச்.எஸ்.ஜி.யில் வந்தால் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு தாளோடு நேரே ஐ.வி.எஃப். பணம் கட்டச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தப் பரிசோதனையே சிலருக்கு மருந்தாகிவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், நீரில் கரையும் திரவத்துக்குப் பதில் எண்ணெய் சார்ந்த திரவத்தைச் செலுத்தியவர்களில் ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கருத்தரித்தனர். மற்றவர்களில் 29 விழுக்காடு. குழாயில் சிக்கியிருந்த சளிக்கட்டி கழுவிப்போவதால் என்று ஒரு விளக்கம் உண்டு.

வெளிமுனை அடைபட்டு உள்ளே நீர் தேங்கினால் குழாய் வீங்கிவிடும். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஐ.வி.எஃப். மூலம் வைக்கும் கருவையும் தங்கவிடாது. வெற்றி வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. அதனால் வீங்கிய குழாயை முன்கூட்டியே எடுத்துவிடவோ கட்டிவிடவோ சொல்கிறார்கள். குழந்தைக்காகக் குழாயை எடுக்கச் சொன்னால் குடும்பத்தில் அதிர்ச்சி வரும், ஆனால் இந்த ஆலோசனைக்கு ஆதாரம் வலுவானது.

குழாய்க் கர்ப்பம் உயிர் போகும் விஷயம். கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே தங்கும். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குழாயில்தான். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கம் வலித்து, கொஞ்சம் இரத்தம் பட்டால் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், மயக்கம் சேர்ந்தால் குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் போகிறது என்று பொருள். பிரிட்டனின் லாசன் டெய்ட் 1883-இல் வெடித்த குழாயை அறுத்தெடுத்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிக் காட்டும்வரை, பெரும்பாலும் மரணம்தான். இன்று சீக்கிரம் தெரிந்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே முடிந்துவிடும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவளுக்கு இதெல்லாம் வராது என்ற நம்பிக்கை நம்மிடம் உறுதியாக இருக்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் இந்த அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்ப் பெண்ணின் கருக்குழாயோடு மருத்துவத்துக்கு இருக்கும் மிகப் பெரிய உறவு அதைக் கட்டுவதுதான். அமெரிக்காவில் 10,685 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அறுவைக்குப் பின் பத்தாண்டுக்குள் ஆயிரத்துக்கு 18 பேர் கருத்தரித்தார்கள். அந்தக் கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே. ஆபரேஷன் செய்தவளுக்கு நாள் தள்ளிப்போனால் அலட்சியம் கூடாது. அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் பார்த்தது. ஆபரேஷன் பண்ணினதிலிருந்தே வயித்து வலி, இடுப்பு வலி என்பது ஊர்ப்பேச்சு. ஐந்து ஆண்டு கவனித்ததில், அறுவை செய்தவர்களுக்கு மாதவிலக்குக் கோளாறோ வலியோ மற்றவர்களைவிடக் கூடவில்லை. அதற்காக அவர்கள் வலி பொய் என்று ஆகிவிடாது. வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்றுதான் ஆகும். அந்தத் தேடல்தான் நடப்பதில்லை. ஆபரேஷன் வலி என்று பெயர் வைத்ததும் கதை முடிந்துவிடுகிறது.

இனி வலி. ஆறு மாதத்துக்கு மேல் அடிவயிற்றில், இடுப்புக் கூட்டுக்குள் இருக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். பிரிட்டனில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் ஆயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 38 பேர் இந்த வலியோடு குடும்ப மருத்துவரிடம் வந்தார்கள். ஆஸ்துமாவுக்கு வந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு. ஆஸ்துமாவை எல்லோருக்கும் தெரியும்.

காரணங்களில் முதலில் சொல்ல வேண்டியது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் முளைப்பது. மாதவிலக்கு இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வழிந்து வயிற்றுக்குள் போவதால் இது வருகிறது என்று அமெரிக்காவின் ஜான் சாம்ப்ஸன் 1920-களில் சொன்னார். முழு விளக்கம் அல்ல என்றாலும் இன்றும் நிற்கும் விளக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. இது குழாயைச் சுற்றித் தழும்பு ஒட்டுக்களை உண்டாக்கி அதை முடக்கவும் செய்யும். வலியும் குழாயும் உண்மையிலேயே சேரும் இடம் இது. ஆனால் பார்வைக்குத் தெரியும் நோயின் அளவும் வலியின் அளவும் பொருந்துவதில்லை. சிறு புள்ளி உள்ளவள் படுக்கையில் துடிப்பாள், இரு சினைப்பையும் கட்டியாக இருப்பவளுக்கு வலியே இருக்காது. நோய் உறுதிப்படப் பல ஆண்டுகள் ஆவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். நம் வீடுகளில் கல்யாணமானா சரியாயிடும், ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும் என்று சொல்லித் தள்ளும் வருடங்கள் கூடுதல்.

மற்ற காரணங்கள் பல, அவற்றில் பாதி கருப்பையோடு சம்பந்தமே இல்லாதவை. சிறுநீர்ப்பை அழற்சி, குடல் எரிச்சல் நோய், இடுப்பின் அடித்தளத் தசை இறுக்கம், சிசேரியன் தழும்பில் சிக்கிய நரம்பு. பெண்ணின் அடிவயிறு என்றாலே கர்ப்பப்பை என்று முடிவு கட்டுவதால் இவை எல்லாம் விட்டுப்போகின்றன. காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வலிக்கும் இடத்தில் மருத்துவர் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, நோயாளியைப் படுத்தபடியே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், வலி பெரும்பாலும் வயிற்றுச் சுவரில் இருக்கிறது, உள்ளே இல்லை. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமலேயே எத்தனை ஸ்கேன்.

லேப்ராஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தீராத வலிக்காக அப்படிப் பார்த்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியும் கோளாறு எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் மருத்துவர் பலர் மனசுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நீண்ட நாள் வலி, தண்டுவடத்திலும் மூளையிலும் வலியைக் கடத்தும் நரம்பு வழியையே மாற்றிவிடுகிறது. முதலில் வலியைத் தூண்டிய புண் ஆறினாலும் நரம்புகள் சாதாரணத் தொடுதலையும் வலியாக அனுப்பத் தொடங்கும். இது கற்பனை வலி அல்ல. ஸ்கேனில் விழாத வலி. குழாய்த் தொற்று ஆறியபின் பல பெண்களிடம் மிஞ்சுவதும் இதுவே. அமெரிக்காவில் 831 பெண்களிடம் நடந்த பி.ஐ.டி. சிகிச்சை ஆய்வில், சரியான மருந்து பெற்றும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பிறகு தீராத வலியோடு இருந்தார்கள்.

அறுவையால் இதைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் தொடர்ந்து உடைத்துவந்திருக்கின்றன. ஒட்டுக்களைப் பிரித்துவிட்டால் வலி போகும் என்றார்கள்; நெதர்லாந்தில் 100 நோயாளிகளிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், பிரித்தவர்களுக்கும் சும்மா உள்ளே பார்த்துவிட்டு மூடியவர்களுக்கும் ஒரே அளவு நிவாரணம். கருப்பையின் பின்னே ஓடும் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவு, பயனில்லை. நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டினை 306 பெண்களிடம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு, வெற்று மாத்திரையைவிட மேலில்லை, தலைசுற்றல்தான் மிச்சம். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஹார்மோன் மாத்திரையும் தேர்ந்தவர் செய்யும் அறுவையும் பலருக்குப் பயன் தருகின்றன. தசை இறுக்கத்துக்கு இடுப்புத் தசைப் பயிற்சி. மற்றவர்களுக்குப் பல துறையினர் சேர்ந்து பார்க்கும் வலிச் சிகிச்சை. ஒரே மாத்திரையில் தீராது என்று முதல் நாளே நேராகச் சொல்லும் மருத்துவர் கிடைப்பதே பெரிய விஷயம்.

நம் புறநோயாளிப் பிரிவில் நடப்பது வேறு. மாமியார் கூட வந்திருப்பார். எத்தனை நாளா வலிக்குதும்மா என்று மருத்துவர் கேட்டால், பதில் மாமியாரிடமிருந்து வரும்: ரெண்டு வருஷமாச்சு டாக்டரம்மா, இன்னும் ஒண்ணும் தங்கலை. வலியைக் கேட்டதற்குப் பிள்ளையைப் பற்றிய பதில். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். உறவின்போது வலிக்கிறதா, வெள்ளைப்படுதலில் வாடை உண்டா என்று அந்த அறையில் எப்படிக் கேட்பது?

மராட்டியத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. தலைக்குச் சராசரி 3.6. அதற்குமுன் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு. தமிழ்நாட்டுக் கிராமப்புற இளம் மனைவியரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டோர் அறிகுறி சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்குமே சிகிச்சைக்குப் போகவில்லை. பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, தனிமை இல்லை, தூரம், செலவு, இதெல்லாம் இருப்பதுதானே என்ற எண்ணம் என்று காரணம் சொன்னார்கள்.

சிகிச்சைக்குப் போனவர்களுக்குக் காத்திருப்பது சில சமயம் இன்னும் மோசம். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இளம் வயதிலேயே பெருமளவில் கருப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளியே வந்து, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெள்ளைப்படுதலோடும் வயிற்று வலியோடும் போனவர்கள் பலர். அதே ஆண்டு தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் எழுதாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்து வேலை வாங்கியதும் செய்தியானது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வலியோடு வரும் பெண்ணின் கருப்பையை எடுப்பது, அவள் வலியைக் கேட்பதைவிட எளிது, வருமானமும் கூட.

அரசிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கிளமிடியா பரிசோதனை மாவட்ட மருத்துவமனை வரை வர வேண்டும். கணவனையும் சேர்த்துச் சிகிச்சைக்கு அழைப்பது செவிலியரின் வழக்கமான வேலையாக வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது மகளிர் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் வலிச் சிகிச்சை மருத்துவரும் ஒன்றாக உட்கார வேண்டும்.

வலியோடு இருப்பவர்கள், எந்த நாளில், எங்கே, எதன்பின் வலிக்கிறது என்று மூன்று மாதம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால் மூன்று நாள் பொறுக்காதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.